கோபேயில் அச்சான கண்ணன்

(புனே கோர்படியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஜப்பானிய வரைகலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். புனேக்காரர்களிடம் ஜப்பானைப் பற்றிப் பேசக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ஒகாயாமா நகரத்துக் கோராகுயென் தோட்டத்தை மாதிரியாக வைத்து அமைத்த பூங்கா சிங்ககட் சாலையில் மராத்தி எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டே பெயரில் இருக்கிறது. உங்களில் பலருக்கு அது ஞாயிற்றுக்கிழமை மாலை போகிற இடம். ஜப்பானிய மொழி படித்து, அந்நாட்டுக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் இந்த ஊரில் ஏராளம். ஆகவே கல்லும் மணலும் பாசியும் வெற்றிடமுமாக இருக்கிற அந்த ஜப்பானை உங்களிடமே விட்டுவிடுகிறேன். வான்கோ 1887இல் ஜப்பானிய மர அச்சு ஓவியர் ஹிரோஷிகேயின் மழைப் பாலத்தைப் பார்த்து வரைந்த கதையையும் விட்டுவிடுகிறேன். ஜப்பானியக் கலை அறிஞர் ஒகாகுரா 1902இல் கல்கத்தா வந்தார். மறு ஆண்டு ஓவியர்கள் தைக்கானும் ஷுன்சோவும் வந்தார்கள். அவர்களைப் பார்த்து அபனீந்திரநாத் தாகூர் நிறத்தைக் கழுவிக் கழுவி வரையும் முறையைத் தன் வழிக்குக் கொண்டுவந்தார். இதெல்லாம் கலை வரலாற்று நூல்களில் நன்றாகவே பதிவாகியிருக்கிறது. படித்தவர்கள் படித்தவர்களோடு பேசிக்கொண்ட பேச்சு அது.

நான் எடுத்துக்கொண்டிருப்பது இரண்டு அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம் உள்ள ஒரு துண்டுக் காகிதத்தை. தீப்பெட்டி லேபிள். இந்தியாவும் ஜப்பானும் படத்தின் வழியாகச் சந்தித்துக்கொண்ட இடங்களிலேயே கூட்டம் அதிகமாகக் கூடிய இடம் அதுதான் என்பது என் கட்சி. ஓவியக் கூடத்துக்குள் காலெடுத்து வைக்காதவர்களும் அந்தப் படத்தைத் தினமும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தார்கள்.

சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்று சொல்வது உங்களுக்குத் தெரியும். நேரு வைத்த பெயர் என்பார்கள். ஏன் வைத்தார் என்று கேட்டால், அந்த ஊர்க்காரர்களின் உழைப்பைப் பார்த்து என்று பதில் வரும். உழைப்பாளிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் சிவகாசிக்கும் ஜப்பானுக்கும் உள்ள உறவு அந்தப் பாராட்டைவிட நேரடியானது, கொஞ்சம் பகையும் கலந்தது. சிவகாசித் தீப்பெட்டி நம் கடைகளுக்கு வந்தபோது அது இடம்பிடிக்க வேண்டியிருந்த அலமாரியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த சரக்குகளில் முக்கியமானது ஜப்பான் சரக்கு.

ஷிமிசு மகோதோ என்பவர் பிரான்சில் படித்துத் திரும்பி, 1876இல் டோக்கியோவில் ஷின்சுய்ஷா என்ற தீப்பெட்டிக் கம்பெனியைத் தொடங்கினார். ஜப்பானியத் தீப்பெட்டித் தொழில் அங்கிருந்துதான் கிளைவிட்டது. ஆனால் அது வேரூன்றியது தலைநகரத்தில் அல்ல. மேற்கே, ஒசாகாவிலும் ஹியோகோ மாகாணத்துத் துறைமுக நகரமான கோபேயிலும். காரணம் எளிது. உள்நாட்டில் விற்றதைவிட வெளியே போனதுதான் அதிகம், அதற்குக் கப்பல் வேண்டும். தகிகவா பென்சோ போன்ற கோபே முதலாளிகளைத் தீப்பெட்டி அரசர்கள் என்றே அழைத்தார்கள். கோபேயில் கடை வைத்திருந்த சீன வணிகர்கள் வழியாகச் சரக்கு ஷாங்காய்க்கும் ஹாங்காங்குக்கும் போயிற்று. அங்கிருந்து தென்கிழக்கு ஆசியாவுக்கும் இந்தியாவுக்கும் வந்தது. 1893இல் நிப்பான் யூசென் கைஷா என்ற கப்பல் கம்பெனி, ஜம்ஷெட்ஜி டாடாவின் கூட்டோடு, கோபேக்கும் பம்பாய்க்கும் நேரடிப் போக்குவரத்தைத் தொடங்கியது. ஜப்பானின் முதல் தொலைதூரக் கப்பல் பாதை அதுதான். நம் பஞ்சை ஜப்பான் நூற்பாலைகளுக்குக் கொண்டுபோவதே அதன் நோக்கம். பஞ்சை இறக்கிவிட்டுத் திரும்பும் கப்பல் வெறுமையாக வராது அல்லவா? வந்த சில்லறைச் சாமான்களில் தீப்பெட்டியும் ஒன்று.

அந்தப் பெட்டிகளின் மேல் என்ன ஒட்டியிருந்தது என்பதுதான் நம் விஷயம்.

முதலில் ஒட்டியது ஸ்வீடன் லேபிளின் நகல். அந்தக் காலத்தில் உலகத் தீப்பெட்டிக்கு இலக்கணம் வகுத்தது ஸ்வீடன். மஞ்சள் தாளில் கறுப்பும் சிவப்பும், நடுவே ஒரு முத்திரை, சுற்றிலும் பாரிஸ் முதலிய கண்காட்சிகளில் வாங்கிய பதக்கங்கள், கீழே ஆங்கிலத்தில் சேஃப்டி மேட்ச் என்ற எழுத்து. இம்ப்ரெக்னேட்டட் என்றும் இருக்கும். எரிந்து அணைந்த பிறகு குச்சியில் கங்கு நிற்காமலிருக்க ரசாயனத்தில் தோய்த்திருக்கிறோம் என்று சொல்வது அது. கோபேக்காரர்கள் இந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பதக்கம் வாங்காத கம்பெனியின் லேபிளிலும் பதக்க வட்டங்கள் இருக்கும். பின்னாளில் சிவகாசி லேபிள்களிலும் அதே வட்டங்கள் வந்தன. மூன்று நாடு கடந்து வந்ததில் பதக்கம் பதக்கமாக இருப்பதை விட்டுவிட்டுச் சேலைக் கரை மாதிரி வெறும் அணியாகிவிட்டது. சேஃப்டி மேட்ச் என்ற எழுத்துக்கும் அதே கதிதான். அதை யாரும் படிக்கவில்லை. அது இல்லாவிட்டால் தீப்பெட்டி மாதிரித் தோன்றாது, அவ்வளவே.

ஆனால் நகல் எடுத்து மட்டும் சந்தையைப் பிடிக்க முடியாது. சீனாவுக்குப் போகும் பெட்டிக்குச் சீனர்களுக்குப் பிடித்த படம் வேண்டும், இந்தியாவுக்கு வரும் பெட்டிக்கு நமக்குப் பிடித்த படம். அப்படித்தான் கோபேயிலும் ஒசாகாவிலும் யானையும் புலியும் மகாராஜாவும் வீணை ஏந்திய பெண்ணும் அச்சானார்கள். பிறகு தெய்வங்களும்.

இந்த இடத்தில் உங்கள் ஊர்ப் பக்கத்துக்கு வருகிறேன். தெய்வப் படத்தை அச்சில் அடித்து வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்த வேலையில் புனே வட்டாரத்தின் பங்கு சின்னதல்ல. 1878இல் விஷ்ணுசாஸ்திரி சிப்ளூண்கர் முதலியோர் இங்கே சித்ரசாலா அச்சகத்தைத் தொடங்கினார்கள். ராம பஞ்சாயதனமும் பேஷ்வா காலத்து மனிதர்களும் அங்கே கல் அச்சில் பல நிறமாக வந்தார்கள். 1894இல் ஓவியர் ரவி வர்மா பம்பாயில் நிறுவிய அச்சகம் சில ஆண்டுகளில் லோணாவளாவுக்குப் பக்கத்தில் மளவலிக்கு இடம்பெயர்ந்தது. புனேயிலிருந்து லோணாவளா லோக்கலில் போகும்போது காம்ஷேத்துக்கு அடுத்து வரும் அதே மளவலிதான். ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் அந்த அச்சகத்தைப் பிறகு விலைக்கு வாங்கி நடத்தினார். பின்னாளில் சினிமா எடுத்த தாதாசாகேப் பால்கேயும் அங்கே வேலை பார்த்திருக்கிறார். 1972இல் அச்சகம் தீயில் அழிந்தது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே பிறந்த லட்சுமியும் சரஸ்வதியும் உரிமம், அனுமதி எதுவும் கேட்காமல் ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்கள். ஐரோப்பிய, ஜப்பானிய லேபிள்களில் நாம் பார்க்கும் தெய்வங்கள் பெரும்பாலும் இந்தச் சாயலில் இருப்பதைப் பார்த்தால், யாரோ ஒரு வணிகர் சந்தையில் வாங்கிய படத்தை மாதிரியாகக் கொடுத்தனுப்பியிருக்க வேண்டும்.

அந்த மாதிரியைப் பார்த்து வரைந்த கோபே ஓவியர் கண்ணனைக் கோயிலில் கண்டவரல்ல. மயிற்பீலி எதற்கு, குழல் எதற்கு என்று அவருக்குச் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். ஆகவே கோடு அவர் பழகிய கோடாகவே விழும். கண் கொஞ்சம் நீண்டு சாயும், ஆடையின் மடிப்பு கிமோனோ மாதிரி விறைத்து நிற்கும், பின்னால் இருக்கும் மரம் பைன் மரமாகிவிடும். சேகரிப்பாளர்கள் இதைக் காட்டிச் சிரிப்பதுண்டு. எனக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை. தன் மரபுக்குச் சம்பந்தமில்லாத ஓர் உருவத்தை, ஒன்றரை அங்குலத்தில், இரண்டு மூன்று நிறத்தில், எட்ட நின்று பார்த்தாலும் இது கண்ணன் என்று தெரியும்படி அவர் கொண்டுவந்துவிட்டார். வரைகலைக் கல்லூரியில் இதைத் தேர்வாக வைத்தால் எத்தனை பேர் தேறுவார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

இப்போது சிவகாசி. முதல் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பியச் சரக்கு வரத்துக் குறைந்தது, ஜப்பான் தீப்பெட்டி இந்தியச் சந்தையை நிரப்பியது. 1922இல் அரசு இறக்குமதி வரியை ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாயாக உயர்த்தியது. வருவாய்க்காகப் போட்ட வரிதான். ஆனால் உள்நாட்டில் தீப்பெட்டி செய்தால் லாபம் நிற்கும் என்ற நிலைமையை அது உண்டாக்கிவிட்டது. அதே ஆண்டு சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். அங்கே சிறு பட்டறைகளில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு 1923இல் ஊர் திரும்பினார்கள். ஜெர்மனியிலிருந்து தருவித்த இயந்திரத்தை வைத்துத் தொடங்கிய முயற்சி சரிவரவில்லை. கைவேலைக்கு மாறினார்கள். மழை குறைந்த ஊர், காய்ந்த காற்று. ஒட்டியது உலர்வதற்கும் மருந்து காய்வதற்கும் அதைவிட என்ன வேண்டும்? 1926இல் இருவரும் தொழிலைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவருக்கு அணில் மார்க், மற்றவருக்குக் காக்கா மார்க். காக்கா சண்முக நாடார் என்று அவர் பெயரோடு மார்க் ஒட்டிக்கொண்டுவிட்டது. உலகத்தில் எத்தனை தொழிலதிபர்களுக்குத் தங்கள் லேபிளே அடைமொழியாக வாய்த்திருக்கும்?

அணிலையும் காக்கையையும் கொஞ்சம் நின்று பாருங்கள். இரண்டும் நம் முற்றத்துப் பிராணிகள். ஸ்வீடன் மாதிரியிலிருந்தோ கோபே மாதிரியிலிருந்தோ எடுத்தவை அல்ல. ஆனால் அவற்றைத் தேர்ந்தெடுத்த முறை கோபேயின் முறையேதான். வாங்குகிறவருக்குப் படிக்கத் தெரியாது, அல்லது அவர் படிக்கும் மொழி வேறு. அவர் கடையில் வந்து நின்று வாயால் கேட்க வேண்டும்: ஒரு காக்கா மார்க் குடுங்க. ஆகவே லேபிளில் இருக்கும் உருவம் ஒரே பார்வையில் பெயர் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். மான், கப்பல், கிளி, குதிரை எல்லாம் சரி. வட்டமும் கோடுமாக எதையோ உணர்த்தும் சின்னம் இங்கே செல்லாது, அதை என்னவென்று கேட்பது? உருவம் ஒன்றே இருக்க வேண்டும், இரண்டு இருந்தால் குழப்பம். அது நடுவில் இருக்க வேண்டும். பின்னால் சூரியக் கதிரோ முட்டை வடிவச் சட்டமோ கண்ணை அங்கேயே பிடித்து நிறுத்த வேண்டும். கோபேயிலும் சிவகாசியிலும் லேபிள்கள் ஒன்றுபோல இருப்பதற்கு ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியது பாதிக் காரணம்தான். இருவருடைய வாடிக்கையாளரும் ஒரே மாதிரி ஆள்.

ஒரு மார்க் ஓடினால் அதன் சாயலில் பத்து வரும். இடது பக்கம் பார்க்கும் பிராணி வலது பக்கம் திரும்பும், ஒன்று இரண்டாகும், நிறம் அப்படியே இருக்கும். ஜப்பான் 1884இலேயே வணிகச் சின்னத்துக்குச் சட்டம் போட்டுப் பதிவைத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் 1940இல்தான் வந்தது. நடுவில் இருந்த காலத்தில் கடைத்தெருவில் நடந்த நகல் சண்டைகளையும் வரைகலை வரலாற்றின் ஒரு பகுதியாகவே நான் பார்க்கிறேன். எந்த அளவுக்கு ஒத்திருந்தால் வாங்குகிறவர் ஏமாறுவார், எந்த அளவுக்கு வேறுபட்டால் நீதிமன்றத்தில் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டு வரைந்தவருக்கு வடிவத்தைப் பற்றி நிறையவே தெரிந்திருக்கும்.

லேபிளுக்காகச் சிவகாசிக்கு அச்சகம் வந்தது. அச்சகம் வந்த பிறகு காலண்டர் வந்தது, பட்டாசுப் பெட்டிப் படம் வந்தது, பாடப் புத்தகம் வந்தது, இன்று அது தனித் தொழில். ஆடிப்பெருக்கன்று புது ஆண்டின் காலண்டர் ஆல்பம் வெளியிடுவது அங்கே ஒரு சடங்கு. நான் அச்சுத் தொழிலில் இருந்தவன், ஆகவே தொழில் விஷயம் இரண்டொன்று சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஜப்பானிய மர அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை. ஐந்து நிறம் என்றால் அதே தாள் ஐந்து தடவை பலகைமேல் ஏற வேண்டும். ஒவ்வொரு தடவையும் தாள் இம்மி பிசகாமல் அதே இடத்தில் உட்கார, பலகையின் மூலையில் ஒன்றும் பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு வெட்டுகள் செதுக்கியிருப்பார்கள். கென்டோ என்று பெயர். தாளின் மூலையையும் ஓரத்தையும் அந்த வெட்டுகளில் அணைத்துப் படுக்கவைத்தால் நிறம் விலகாது. ஹிரோஷிகேயின் அத்தனை மழையும் பனியும் அந்த இரண்டு வெட்டுகளை நம்பி நிற்கின்றன. கோபேயின் ஆரம்ப கால லேபிள்கள் இதே கைகளில் வந்தவை. ஓவியர் ஒருவர், செதுக்குபவர் ஒருவர், அச்சிடுபவர் ஒருவர், முதல் போடுபவர் ஒருவர் என்ற அந்த நான்கு பேர் கூட்டணி நடிகர் படங்களுக்கும் நிலக்காட்சிகளுக்கும் பழகியது. அதே ஏற்பாடு லேபிளுக்கும் கைகொடுத்தது. பிறகு அங்கேயும் கல் அச்சு வந்தது.

லித்தோ என்கிற அந்தக் கல் அச்சில் பலகைக்குப் பதில் கல், பின்னால் துத்தநாகத் தகடு. தத்துவம் வேறு, தலைவலி ஒன்று. நிறத்துக்கு ஒரு கல், தாளின் ஓரத்தில் ரெஜிஸ்டர் குறி, மெஷின் மேன் கண்ணாடியை வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். காற்றில் ஈரம் ஏறி இறங்கினால் தாள் விரிவதும் சுருங்குவதும் உண்டு. ரெஜிஸ்டர் விலகினால் சாமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு இறங்கிவிடும். இதற்குச் சிவகாசி ஆர்ட்டிஸ்ட்கள் கண்டுபிடித்த வைத்தியம் கனத்த கறுப்புக் கோடு. ஒவ்வொரு உருவத்தையும் சுற்றிக் கோடு தடித்திருந்தால், நிறம் நூலளவு விலகினாலும் கோடு மறைத்துவிடும். மலிவான படங்களின் அழகு என்று நாம் இன்று ரசிக்கும் அந்த அழுத்தமான கோடு, அச்சுப் பிழையை மறைக்கப் போட்டது. கோபே லேபிள்களிலும் அதே கோடு, அதே காரணம்.

பையன்களுக்கு இந்தப் படங்கள் நாணயம். தெற்கத்திச் சீமையில் தீப்பெட்டிப் பட விளையாட்டு ஆடாத பையன் அந்நாளில் கிடையாது. கோடு கிழித்து, படங்களை அடுக்கி, சில்லு எறிந்து வெளியே தள்ளினால் அவனுக்குச் சொந்தம். சாதாரணமாகக் கிடைக்கும் படத்துக்கு மதிப்புக் குறைவு, அபூர்வப் படத்துக்கு அதிகம். சிறுத்தையோடு மல்லுக்கட்டும் ஆள் படத்துக்கு எப்போதும் தனி மவுசு. ஜப்பானில் இதே வயதுப் பையன்கள் மென்கோ என்று ஒன்று ஆடுவார்கள். கெட்டி அட்டையில் அச்சடித்த வீரன் படத்தைத் தரையில் ஓங்கி அறைந்து, எதிரியின் அட்டையைப் புரட்டிப் போட்டால் வெற்றி. படத்துக்கு விலை மதிப்புப் போட்டு, அழகை அபூர்வத்தோடு சேர்த்து எடைபோடப் பழகிய முதல் விமர்சகர்கள் இந்தப் பையன்கள்தாம். ஜப்பானில் பெரியவர்களும் லேபிள் சேகரித்துச் சங்கம் வைத்துப் பத்திரிகை நடத்தினார்கள். நாம் வெகுகாலம் பையன்களோடு விட்டுவிட்டோம்.

இதையெல்லாம் ரசித்துப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் தாண்டினால் அது நேர்மையில்லை. ஜப்பான் வேளாண் வணிக அமைச்சகம் 1903இல் தொழிலாளர் நிலைமையைப் பற்றி வெளியிட்ட ஷொக்கோ ஜிஜோ என்ற அறிக்கையில் தீப்பெட்டித் தொழிற்சாலைக் குழந்தைகள் வருகிறார்கள். பத்து வயதுகூட ஆகாதவர்களும் அவர்களில் உண்டு. சிவகாசியில் என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். விடியுமுன் கிராமத்துக்கு வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிப் போன காலம் இருந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்து, பிறகும் பல ஆண்டு போராடித்தான் அது குறைந்தது. அணிலின் வாலை அவ்வளவு நேர்த்தியாக வரைந்தது ஒரு கை. அதைப் பெட்டியில் ஒட்டியது பல காலம் இன்னும் முழுதாக வளராத ஒரு கை. இரண்டு ஊர் லேபிள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் அந்த ஒற்றுமையையும் பார்க்க வேண்டும்.

கோவில்பட்டியில் குடியேறிய கொண்டையா ராஜுவைப் பற்றி ஒரு முழுச் சொற்பொழிவு ஆற்றலாம். 1898இல் பிறந்து 1976இல் மறைந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதி, பிறகு தன் மாணவர்களோடு சிவகாசிக் காலண்டர் தெய்வங்களுக்கு முகம் கொடுத்தவர். அவரை இன்று தொட்டுவிட்டு மட்டும் போகிறேன். அவர் படங்களில் கையொப்பம் இருக்கிறது. லேபிளில் இருக்காது. என் அக்கறை கையொப்பமில்லாதவர்கள் மேல்.

லேபிள் உலகத்திலிருந்து நேராக ஜப்பானிய நவீன வரைகலைக்கு வழி உண்டு. அந்த வழியில் வந்தவர் யோகோ ததனோரி. 1936இல் ஹியோகோ மாகாணத்து நிஷிவாகியில் பிறந்தவர். கோபே இருக்கும் அதே மாகாணம்; நிஷிவாகி நெசவு ஊர். கிமோனோத் துணி வியாபாரம் செய்த குடும்பத்தில் தத்துப்பிள்ளையாக வளர்ந்தார். துணிக் கட்டுகளில் ஒட்டிவந்த பளபளப்பான லேபிள்கள்தாம் அவர் பார்த்து வளர்ந்த படங்கள். அவர் டோக்கியோவுக்குப் போன சமயம் ஜப்பானிய வரைகலை சுத்தமாக, சிக்கனமாக, ஐரோப்பிய நவீனத்தின் இலக்கணத்தோடு இருந்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குக் கமேகுரா யூசாகு வரைந்த சின்னம் அதன் உச்சம்: ஒரு பெரிய சிவப்பு வட்டம், கீழே பொன்னிற வளையங்களும் எழுத்தும், வேறொன்றுமில்லை. மறு ஆண்டே யோகோ ஒரு சுவரொட்டியைக் கொண்டுவந்தார். சூரியக் கதிர்கள் நாலா பக்கமும் பாய, மூலையில் ஃபுஜி மலையும் புல்லட் ரயிலும், நடுவில் தூக்குக் கயிற்றில் தொங்கும் மனிதன். இருபத்தொன்பது வயதில் சிகரத்தைத் தொட்டுச் செத்துவிட்டேன் என்று அவரே தன்னைப் பற்றி எழுதிய வாசகம் அதில். அந்தச் சூரியக் கதிர்களைத் தமிழர் யாரும் பார்த்தால் சிவகாசி என்பார்கள். நல்ல வடிவமைப்பாளர் என்றால் வெட்கப்பட்டு ஒதுக்க வேண்டிய பழைய லேபிளை அவர் வாசல் வழியே உள்ளே அழைத்துவந்தார். 1972இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர் ஒருவருக்காகவே கண்காட்சி வைத்தது.

1974இல் அவர் இந்தியா வந்தார். அதே ஆண்டு வெளிவந்த அமெரிக்க ராக் இசைக்குழு சந்தானாவின் லோட்டஸ் இசைத்தட்டு உறையை அவர் மடிப்பு மடிப்பாக விரியும்படி அமைத்தார். புத்தரும் தேவர்களும் நிறைந்த அந்த உறையை விரித்தால் இசைத்தட்டுக் கடையும் பூசைச் சாமான் கடையும் ஒன்றாகிவிட்ட மாதிரி இருக்கும். 1978இல் இசையமைப்பாளர் ஹொசோனோ ஹருவோமியும் அவரும் இந்தியா சுற்றிவிட்டுப் போய்க் கொச்சின் மூன் என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு பாட்டின் பெயர் மலபார் ஹோட்டல். இன்னொன்று மெட்ராஸ் கான்சல் ஜெனரல் அம்மாவைப் பற்றியது. வயிறு கெட்டு அவதிப்பட்ட பயணம் அது. மஞ்சள் காமாலையின் பெயரிலும் அதில் ஒரு பாட்டு உண்டு! ஞானம் தேடி இந்தியா வந்தவர்கள் எழுதிய பக்கம் பக்கமான குறிப்புகளைவிட இதில் எனக்கு நம்பிக்கை அதிகம். யோகோ நம்மிடம் கண்டது வேதாந்தத்தை அல்ல. தன் ஊர்த் துணிக்கட்டு லேபிளின் உறவுக்காரரை.

கமேகுராவின் பக்கத்தையும் குறைத்துப் பேசிவிடக் கூடாது. அதே 1964 ஒலிம்பிக்ஸுக்காகக் கட்சுமி மசாரு தலைமையில் இளம் வடிவமைப்பாளர்கள் உட்கார்ந்து படக்குறிகள் வரைந்தார்கள். ஜப்பானிய எழுத்துத் தெரியாத வெளிநாட்டார் வரப்போகிறார்கள். குளியலறை எது, நீச்சல் போட்டி எங்கே என்று படமே சொல்ல வேண்டும். முடிந்ததும் அந்தப் படங்களின் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எல்லாரும் கையெழுத்திட்டார்கள் என்பார்கள், உலகம் முழுவதும் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று. இன்று விமான நிலையங்களில் நாம் பார்க்கும் குறிகளுக்கு அது ஒரு முக்கியமான தொடக்கம். ஆனால் எழுத்தறியாதவருக்குப் படத்தால் வழிகாட்டும் வேலையை நாம் பன்னிரண்டு ஆண்டு முன்பே, இன்னும் பெரிய அளவில் செய்து முடித்திருந்தோம். 1951–52 பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி ஓட்டுப் பெட்டி, பெட்டிமேல் அவருடைய சின்னம். ஒட்டின படத்தைப் பார்த்துப் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் நம் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர்கள் அதைப் பெட்டிக்கடையிலேயே கற்றுக்கொண்டிருந்தார்கள். வரைகலை நூல்களில் டோக்கியோவுக்கு ஒரு அத்தியாயம் இருக்கிறது, நம் ஓட்டுப் பெட்டிக்கு ஒரு வரிகூட இல்லாதது எனக்குக் குறைதான்.

யோகோவைப் போல நம் பக்கம் பார்த்த இன்னொருவர் சுகியுரா கோஹெய், 1932இல் பிறந்த புத்தக வடிவமைப்பாளர். ஜெர்மனியின் உல்ம் வடிவமைப்புப் பள்ளியில் கற்பித்துவிட்டு, பிறகு தன் வாழ்நாளை ஆசியப் படிமங்களில் செலவிட்டவர். மும்பை ஐஐடியின் தொழில் வடிவமைப்பு மையத்தில் கற்பித்த கீர்த்தி திரிவேதி அவரோடு நெருங்கிப் பணியாற்றியிருக்கிறார். நம் மாணவர்கள் ஜப்பானிய வடிவமைப்பை ஐரோப்பா வழியாகச் சுற்றி வராமல் நேரே அறிய அது ஒரு கதவு. மண்டலத்தையும் கோலத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கச் சுகியுரா தயங்கவில்லை.

இன்றைய நிலைமை? லேபிள் ஒட்டும் வேலையே போய்விட்டது. அட்டையிலேயே ஆப்செட்டில் நாலு நிறமும் அடித்து மடித்துவிடுகிறார்கள். கறுப்புக் கோட்டுக்கு இனி அவசியமில்லை. பல ஆண்டுகளாக ஒரு ரூபாயாக இருந்த பெட்டி 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது. லைட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டு தொழில் நடக்கிறது. ஜப்பானில் மிச்சமிருக்கும் தீப்பெட்டித் தொழிலும் பெரும்பாலும் ஹியோகோ மாகாணத்திலேயே, ஹிமெஜி பக்கம்தான் நடக்கிறது. பழைய லேபிள்களை ஒட்டிய நினைவுப் பொருட்கள் அங்கே பரிசுக் கடைகளில் கிடைக்கின்றன. சென்னையின் தாரா பதிப்பகம் நம் தீப்பெட்டிப் படங்களுக்கென்றே ஒரு நூல் போட்டது.

தாராவைச் சொன்னதால் இன்னொன்று. 2006இல் அவர்கள் மரங்களின் இரவு வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்தது. கறுப்புத் தாளில் ஒவ்வொரு நிறத்தையும் கையால் திரை அச்சில் இழுத்து, கையால் தைத்து, ஒவ்வொரு பிரதிக்கும் எண் போட்டார்கள். 2008இல் போலோன்யா குழந்தைகள் நூல் கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்தது. 2012இல் டோக்கியோவின் சிறு பதிப்பகம் ஒன்று அதை ஜப்பானிய மொழியில் கொண்டுவந்தது. 2017இல் டோக்கியோ இதபாஷி கலை அருங்காட்சியகம் தாரா புத்தகங்களுக்காகவே ஒரு கண்காட்சி நடத்தியது. ஜப்பானியப் பதிப்பையும் அச்சடித்தது ஜப்பானில் அல்ல, சென்னைப் பட்டறையில். அங்கே வேலை செய்தவர்களுக்கு ஜப்பானிய எழுத்துத் தெரியாது. எழுத்தை ஓர் உருவமாகப் பார்த்து, ரெஜிஸ்டர் விலகாமல், நிறம் கலங்காமல் இழுத்து, காயவைத்து, தைத்துக் கப்பலேற்றினார்கள். வாங்கிய ஜப்பானியர்கள் தாளை முகர்ந்து பார்த்து மையின் வாசனையைப் புகழ்ந்தார்கள். பதிப்பு தீர்ந்துபோக, மறுபடியும் அச்சடிக்கச் சொல்லி டோக்கியோவிலிருந்து சென்னைக்கு ஆர்டர் வந்தது.